ஜெனோபா அக்காவின் நான்கு வரிகள்

அன்று பள்ளி விட்டு வந்தபோது எங்கள் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. எங்கள் தெருவில் பாதி ஷட்டர் என்றால் யாரோ வேண்டியவர் இறந்துவிட்டார் என்று பொருள். அப்பா ஜெராக்ஸ் மெஷினை அணைத்துவிட்டு அதன் மேல் துணியைப் போட்டுக்கொண்டிருந்தார். யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஒருவர்தான்.

"மேல போகாதம்மா. ரூம் பூட்டிக் கெடக்கு," என்றார் அப்பா. பிறகு, "ஜெனோபா மத்தியானம் போயிட்டா," என்றார்.

எங்கள் கடைக்கு மேலே ஓர் அறை. அதில் இரண்டு மேசை, ஒரு கணினி, ஒரு லேப்டாப், துறைமுக ஊரில் இருந்தும் துறைமுகம் தெரியாத ஒரு ஜன்னல். அங்கேதான் ஜெனோபா அக்கா நான்கு வருடமாகத் தனியாக மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார். முப்பத்துமூன்று வயது. சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டே மூன்று நாள் வேலை பார்த்தார். நான்காம் நாள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

முப்பதாம் நாள் பூசைக்காக அக்காவின் சொந்த ஊரான கீழவைப்பாரில் அச்சடிக்கப்போகும் இந்த நினைவு மலரில் எழுதச் சொல்லி அக்காவின் தம்பி லாரன்ஸ் அண்ணன் என்னைக் கேட்டார். "நீதான் எந்நேரமும் மேலயே கெடப்ப. நல்லதா நாலு வார்த்த எழுதுளா," என்றார். நல்ல வார்த்தைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. அவற்றோடு நல்லதாக இல்லாத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. அது அக்காவைப் பற்றியது அல்ல, என்னைப் பற்றியது. அதை எழுதாமல் மற்றதை எழுதினால் இந்தப் பக்கம் பொய்யாகிவிடும்.

நான் அக்காவிடம் படிக்கப் போனவள் இல்லை. அப்படிப் பலர் நினைக்கிறார்கள். "எனக்குச் சொல்லிக் குடுக்கல்லாம் வராது. வெளக்கம் கேட்டா கோவந்தான் வரும்," என்று அவரே சொல்வார். நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்க மேலே ஏறினேன். திரையில் 'படகு திறும்பியது' என்று இருந்தது. "அக்கா, சின்ன ர," என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புலவரம்மா, இங்கன ஒக்காருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அவர் எழுதும் தமிழ் முழுவதுக்கும் பிழை பார்ப்பது என் வேலை. இன்று நான் பிளஸ் ஒன். அந்தப் பெயர் மாறவேயில்லை. மகிழ்ச்சியாக இருந்தால் புலவரம்மா, கோபமாக இருந்தால் ஏ புலவி.

அந்தப் 'படகு திரும்பியது'தான் உங்களில் பலருக்கு அக்காவைத் தெரிய வைத்தது. கீழவைப்பாரில் கடலுக்குப் போகிற வள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று வீட்டில் இருப்பவர்கள் போனில் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. படகுச் சங்கம் கேட்டுக்கொண்டதால் செய்தார். அதை ஏன் ஒப்புக்கொண்டார் என்று நான் ஒருமுறை கேட்டேன். அவர் கல்லூரியில் படித்தபோது லாரன்ஸ் அண்ணன் போன வள்ளம் கச்சான் என்கிற மேல்காற்றில் தள்ளப்பட்டு வேம்பாரில் கரையேறியதாம். வீட்டுக்குச் செய்தி சொல்ல வழியில்லை.

"உயிரோட இருக்கவனுக்கு எங்கம்மா மூணு மணி நேரம் மாரடிச்சா. குசினில அடுப்ப அணைச்சாச்சி. பங்குச் சாமியார் வேற வந்துட்டாரு. அவன் என்ன செஞ்சிட்டிருந்தான் தெரியுமா? வேம்பார்ல பரோட்டா தின்னுட்டிருந்தான். ரெண்டாவது தடவ சால்னா வாங்கி!"

இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். ஆனால் சிரித்து முடித்ததும் உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அதனால்தான் அவருடைய பட்டியலில் நான்கு நிலைகள் இருந்தன. கடலில், கரையில் என்று இரண்டு போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மூன்றாவதாக 'வேறு கரையில்' என்பதை அக்கா சேர்த்தார். நான்காவது, திரும்ப வேண்டிய நேரம் கடந்தும் எந்தச் சேதியும் வராத வள்ளத்துக்கு. அதற்குப் பெயர் வைக்கத்தான் பெரும்பாடு. போனில் தெரியும் செயலியைச் செய்துகொடுத்த மதுரைக்காரர் 'காணவில்லை' என்று வைக்கச் சொன்னார். சங்கத்துக்கு வந்திருந்த பெண்கள் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்த வார்த்தைய என் போன்ல ஏத்தாத. பாத்த ஒடனே நெஞ்சு நின்னுரும்," என்றாராம் ரோஸ்லின் அக்கா. அவருடைய கணவர் மிக்கேல் அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் உண்டு.

அன்று அக்கா திரும்பி வந்து என்னிடம் கேட்டார். பயமுறுத்தவும் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது, அப்படி ஒரு வார்த்தை வேண்டும் என்றார். நான் ஒரு நாள் முழுக்க யோசித்து 'தகவல் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். "சரியா இருக்கு. இல்லாததத்தான் இல்லன்னு சொல்லுது," என்றார். ஒரு சொல்லுக்காக என்னை யாரும் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை.

இனி எழுதப்போவது புரிய வேண்டுமானால் அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழவைப்பார்க் கரையில் வள்ளங்களுக்கு டோக்கன் கொடுக்கும் குடிசையில் சூசை அண்ணன் இருப்பார். வள்ளம் போகும்போதும் வரும்போதும் அவர் ஒரு பழைய போனில் பொத்தானை அமுக்குவார். நான்கு நிலைக்கு நான்கு படப் பொத்தான்கள். அங்கே சிக்னல் சரியாகக் கிடைக்காது என்பதால் அந்தப் போன் வார்த்தை எதையும் அனுப்பாது. படகின் எண்ணும், நிலையைக் குறிக்கும் ஓர் இலக்கமும் குறுஞ்செய்தியாக அக்காவின் கணினிக்கு வரும். பூஜ்யம் என்றால் கடலில். ஒன்று என்றால் கரையில். இரண்டு, வேறு கரையில். மூன்று, தகவல் இல்லை.

அக்காவின் நிரலில் இந்த நான்கு பெயர்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒரு பட்டியலாக இருந்தன. இப்படிப்பட்ட பட்டியலை நிரல் எழுதுகிறவர்கள் எனம் என்பார்கள். நாம் பெயர்களை மட்டும் எழுதினால் போதும். முதல் வரிக்குப் பூஜ்யம், அடுத்த வரிக்கு ஒன்று என்று எண்களைக் கணினியே போட்டுக்கொள்ளும். மூன்று என்று சேதி வந்தால் அந்தப் பட்டியலில் மூன்று யார் என்று பார்த்து, அந்தப் பெயரை எக்ஸ்எம்எல் என்கிற வடிவத்தில் பொதிந்து, கேட்கிற எல்லாப் போன்களுக்கும் அனுப்பிவைக்கும். இன்னதற்குள் இன்னது இருக்கிறது என்று இரு பக்கமும் பெயர் எழுதி ஒட்டிய பெட்டி மாதிரி அந்த வடிவம். இப்படிக் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற ஏற்பாட்டுக்கு வெப் சர்வீஸ் என்று பெயர்.

பெட்டிக்குள் எண் போகட்டும் என்று மதுரைக்காரர் போனில் வாதாடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"மேடம், நம்பரா குடுத்தா எங்களுக்கு ஈசி."

"ஒங்களுக்கு ஈசிதான் சார். நாளைக்கு நான் பட்டியல்ல ஒரு பேர நடுவுல சொருகினா ஒங்க நம்பர் எல்லாம் ஒரு படி எறங்கிரும். கடல்ல நிக்கவன் கரையில நிப்பான்."

"அப்படி யாரும் செய்ய மாட்டாங்க மேடம்."

"செய்வாங்க. எண்ணுக்கு வெக்கமே கெடையாது சார். தப்பான எடத்துலயும் நிமுந்து நிக்கும். வார்த்தன்னா, தப்பா போனா நாலு பேரு பாத்துக் கேப்பான்."

அக்கா வென்றார். வெளியே போகிற பெட்டிகளில் வார்த்தையே போயிற்று. உள்ளே வருகிற வழியில் மட்டும் எண் அப்படியே இருந்தது. அதை அவரும் யோசிக்கவில்லை, மதுரைக்காரரும் யோசிக்கவில்லை.

அவர் வேலையைச் சோதிக்கிற விதம் வேடிக்கையாக இருக்கும். குடிசைக்குப் போன் போட்டு, "சூசை அண்ணே, கண்ண மூடிக்கிட்டு எதையாவது அமுக்குங்க," என்பார். அவர், "ஏளா, நான் கண்ணத் தொறந்தே தப்பாத்தான் அமுக்குவேன். எதுக்கு மூடச் சொல்லுத?" என்பார். "அதான் வேணும். நீங்க எவ்வளவு தப்பா அமுக்குவீங்களோ அவ்வளவும் நான் பாக்கணும்." சூசை அண்ணனின் தவறுகளுக்காக ஒரு நோட்டு வைத்திருந்தார். இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கியது, ஈரக்கையால் அமுக்கியது, பேரப்பிள்ளை அமுக்கியது. எல்லாவற்றுக்கும் மாற்று வைத்திருந்தார். அந்த நோட்டில் என் பெயருக்கு ஒரு பக்கம் கிடையாது. நான் தவறு செய்வேன் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அன்று ஒரு சனிக்கிழமை. அக்காவுக்குச் சுங்க அலுவலகம் பக்கம் ஒரு வேலை இருந்தது. கிளம்பும்போது லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். "நிரலுக்குள்ள குறிப்பெல்லாம் புதுசா எழுதியிருக்கேன். எழுத்துப் பிழை மட்டும் பாரு. சாயங்காலம் மேல ஏத்தணும்," என்றார். மேல ஏற்றுவது என்றால், எழுதியதை எல்லோரும் பயன்படுத்தும் கணினிக்கு அனுப்புவது.

நான் ஐந்து பிழைகளைத் திருத்தினேன். பிறகு அந்த நான்கு வரிகள் கண்ணில் பட்டன. கடலில். கரையில். வேறு கரையில். தகவல் இல்லை.

எனக்கு அகராதி படிக்கிற பழக்கம் உண்டு. கதைப் புத்தகம் போல முதலிலிருந்து படிப்பேன். எங்கள் கடையில் பேனாக்களையும் நோட்டுகளையும்கூடப் பெயரின் அகரவரிசையில் அடுக்கி வைத்து அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் முதல் இரண்டும் சரியாக இருக்க, கடைசி இரண்டும் இடம் மாறி நிற்பதாகத்தான் எனக்குப் பட்டது. தகர வரிசை முதலில் வர வேண்டும், வகரம் பிறகுதானே? 'தகவல் இல்லை'யை ஒரு வரி மேலே ஏற்றினேன். 'வேறு கரையில்' ஒரு வரி கீழே போயிற்று. பட்டியலுக்கு மேலே, குறிப்புகளை எழுதுவது போல, 'அகரவரிசை சரிசெய்யப்பட்டது' என்று ஒரு வரியும் எழுதினேன். அக்கா பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன்.

அவர் பார்க்கவில்லை. வெயிலில் களைத்து வந்தார். "பாத்துட்டியா?" என்றார். "பாத்துட்டேன்க்கா." "நீ பாத்தா நான் பாக்க வேண்டாம்," என்று சொல்லி மேலே ஏற்றிவிட்டார்.

அதற்குப் பின் பத்துப் பதினைந்து நாள் எந்தக் குறையும் தெரியவில்லை. காற்று அமைதியாக இருந்தது. எந்த வள்ளமும் வேறு கரைக்குப் போகவில்லை. எந்த வள்ளமும் தாமதிக்கவும் இல்லை. கடலில் என்றும் கரையில் என்றும் மட்டுமே பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. அந்த இரண்டும் சரியாகவே இருந்தன.

பிறகு ஒரு நாள் மிக்கேல் அண்ணனின் வள்ளம் மத்தியானத்துக்குள் திரும்பவில்லை. இன்ஜின் நின்றுபோய் அவரும் இன்னும் இரண்டு பேரும் கடலில் மிதந்துகொண்டிருந்தார்கள். நேரம் கடந்ததும் சூசை அண்ணன் சரியான பொத்தானைத்தான் அமுக்கினார். மூன்று போயிற்று. அக்காவின் கணினி தன் பட்டியலில் மூன்று யார் என்று பார்த்தது. நான் கீழே இறக்கி வைத்த 'வேறு கரையில்' அங்கே நின்றுகொண்டிருந்தது.

'தகவல் இல்லை' என்று போயிருந்தால் எல்லாப் படகுக்காரர்கள் போனிலும் மணி அடித்திருக்கும். 'வேறு கரையில்' என்றால் மணி அடிக்காது. ரோஸ்லின் அக்கா போனைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு சோறு கட்டினார். வேறு கரையில் ஏறியவர்களுக்கு வீட்டிலிருந்து சோறும் உலர்ந்த துணியும் கொடுத்துவிடுவது உங்கள் ஊர் வழக்கம். அவருடைய தம்பி தூக்குவாளியோடு பைக்கில் வேம்பாருக்குப் போனார். அங்கே யாரும் ஏறவில்லை என்றார்கள். பெரியசாமிபுரம் வரை போய்க் கேட்டுவிட்டு, சோற்றைத் திறக்காமலே திரும்பி வந்தார். அப்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சூசை அண்ணனோ, மணி அடித்து எல்லோரும் தேடக் கிளம்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு குடிசையிலேயே காத்திருந்தார். பகல் வெளிச்சம் இருந்த மூன்று மணி நேரம் அப்படிப் போயிற்று.

மறுநாள் விடிந்த பிறகுதான் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். மூன்று பேரும் உயிரோடு வந்தார்கள். மிக்கேல் அண்ணன் இன்றும் துணைக்கு இன்னொரு வள்ளம் இல்லாமல் கடலில் இறங்குவதில்லை என்று கேள்விப்படுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சங்கக் கட்டடத்தில் கூட்டம். அதற்கு முந்தின நாள் அக்கா மேலே பையை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் காரணம் தெரிந்துவிட்டிருந்தது. நிரலைத் திறந்தால் என் வரி பட்டியலுக்கு மேலேயே நிற்கிறதே. எனக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் இருவரும் அதைப் பேசவில்லை.

"நாளைக்கு ஊருக்குப் போறேன். வாரியா?" என்றார்.

"திங்கக்கிழமை டெஸ்ட் இருக்குக்கா."

"என்ன டெஸ்ட்?"

"கெமிஸ்ட்ரி."

"சரி, படி," என்றார்.

டெஸ்ட் எதுவும் இல்லை. அது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போயிருக்கலாம். எழுந்து நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அந்த ஞாயிறு முழுக்க நான் கெமிஸ்ட்ரிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் நடந்ததைச் சூசை அண்ணன் பிறகு சொன்னார். "நீ அனுப்பின எழுத்த நம்பித்தான நான் சோறு கெட்டினேன்? போலீசும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இத மட்டும் சொல்லு," என்று ரோஸ்லின் அக்கா கேட்டாராம். அக்கா எழுந்து, "தப்பு என் பட்டியல்ல," என்றாராம். தலைவர், "வேற யாராச்சும் அதத் தொட்டாங்களாளா?" என்று கேட்டதற்கு, "பொறுப்பு என்னது. நான் பாக்காம மேல ஏத்தினேன்," என்று மட்டும் சொன்னாராம். அன்றே அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள். வைப்பாறு முகத்துவாரம் தொடங்கி வேம்பார் வரை எல்லாக் கரைக்கும் அதைக் கொண்டுபோக வேண்டும் என்று அக்கா ஒரு வரைபடம் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். திங்கட்கிழமை நான் போனபோது சுவரில் பசை நாடாவின் நான்கு தடங்கள் மட்டும் இருந்தன.

நான் கதவருகே நின்று அழுதேன்.

"என்னளா, யாரு செத்தா? உள்ள வா. தெருவுல பாக்கவன் அண்ணாச்சி மக கடன் கேட்டு அழுதாள்னு நெனைப்பான்."

"அக்கா, அந்த வரிசை..."

"தெரியும்."

"நான்தான்..."

"தெரியும்ங்கேன்லா. நீ ரெண்டு வரிய மாத்தின. வரிசைய மாத்தினா ஒடையுத மாதிரி ஒரு சாமானச் செஞ்சு நடுவீட்டுல வச்சது யாரு? ஊருக்கெல்லாம் எண்ண நம்பாதன்னு சொல்லிட்டு, என் வீட்டுக் கொல்லக் கதவத் தொறந்து போட்டேன். ஒவ்வொரு பேருக்கும் இதான் ஒன் எண்ணுன்னு நானே எழுதியிருந்தா, நீ தலகீழா மாத்தியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. ஒரு வரிக்கு ரெண்டு எழுத்து. சோம்பேறித்தனம்."

"சங்கத்துல நான் சொல்லணும்க்கா."

"சொல்லு. ஒனக்கா எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்," என்றார்.

எனக்காகத் தோன்றியது. ஒவ்வொரு வாரமும் தோன்றியது. அரைப் பரீட்சை முடியட்டும் என்றேன். பொங்கல் முடியட்டும் என்றேன். அப்பாவுக்குத் தெரிந்தால் மேலே போகவிட மாட்டார் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். அக்கா ஒருமுறைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பழையபடி பிழை பார்க்கக் கொடுத்தார். ஆனால் "நீ பாத்தா நான் பாக்க வேண்டாம்" என்று சொல்வதை நிறுத்திவிட்டார். நான் திருத்தியதை என் முன்னாலேயே வரி வரியாகப் பார்ப்பார். முதலில் எனக்கு வலித்தது. அப்படித்தான் வேலை செய்ய வேண்டும் என்பது பிறகு புரிந்தது.

கடைசியாக அவரைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். அப்பா ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்திருந்தார். அக்காவின் கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா டாக்டரிடம் பேசப் போன நேரத்தில் நான் அவர் பக்கம் குனிந்து, "லீவு விட்டதும் கீழவைப்பாருக்குப் போறேன்க்கா. சங்கத்துல சொல்லிருதேன்," என்றேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "கச்சான் நின்னப்பறம் போ. இப்பப் போனா பஸ்ல மண்ணா அடிக்கும்," என்றார். பிறகு, "வார்டு போர்டப் பாத்தியா? 'நோயாலிகள்'னு போட்டிருக்கான். ரெண்டு நாளா அதப் பாத்துத்தான் காய்ச்சல் எறங்க மாட்டேங்குது," என்றார். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. திரும்பி வந்தபோது தூங்கிவிட்டிருந்தார்.

அடக்கத்துக்கு நானும் அப்பாவும் வந்தோம். வீட்டு முற்றத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ரோஸ்லின் அக்கா பக்கத்தில் இருந்தவரிடம், "நல்ல பிள்ள. அந்த ஒரு தப்புதான், பாவம்," என்றார். அன்போடுதான் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஒரு மனுஷியின் முப்பத்துமூன்று வருடத்தைச் சொல்லி முடிக்கும்போது கடைசியில் வந்து நிற்கிற அந்த ஒரு தப்பு என்னுடையது. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. முற்றம் நிறைய அழுகிறவர்கள் இருந்தார்கள், பேசுவதற்கு அது இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடமில்லை, நேரமில்லை என்று சொல்வதில் நான் தேர்ந்துவிட்டேன்.

ஆகவே சங்கத்தாருக்கும், மிக்கேல் அண்ணனுக்கும், அவரோடு கடலில் இருந்த இருவருக்கும், ரோஸ்லின் அக்காவுக்கும் இங்கே சொல்கிறேன். அந்த இரண்டு வரிகளை இடம் மாற்றியவள் நான். கேட்காமல் மாற்றினேன். அழகாக இருக்கும் என்று மாற்றினேன். ஜெனோபா அக்கா செய்தது என்னை நம்பியது மட்டும்தான். பூசையன்று நான் வருவேன். இதைப் படிக்காதவர்களுக்கு வாயாலும் சொல்வேன்.

போன வாரம் லாரன்ஸ் அண்ணன் அந்த லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். ஏற்பாட்டைத் திரும்பத் தொடங்கலாமா என்று சங்கத்தில் சிலர் கேட்கிறார்களாம். "எனக்கு இதுல பரோட்டா மட்டுந்தான் தெரியும். நீ பாத்துச் சொல்லு, இதுல என்னதான் இருக்குன்னு," என்றார். மேலே அதே மேசையில் வைத்துத் திறந்தேன். சங்கம் நிறுத்திய பிறகும் அக்கா அதைத் தொட்டிருந்தார். கோப்பின் தேதியைப் பார்த்தால், கூட்டம் முடிந்து திரும்பிய அன்றே.

'அகரவரிசை சரிசெய்யப்பட்டது' என்ற என் வரி அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதன் கீழே நான் வைத்த வரிசையும் அப்படியே இருந்தது. கடலில், கரையில், தகவல் இல்லை, வேறு கரையில். பழையபடி மாற்றிவிடுவது அவருக்கு எளிது. மாற்றவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதன் எண்ணை மட்டும் எழுதியிருந்தார். இனி யார் எப்படி அடுக்கினாலும் மூன்று என்று வந்தால் 'தகவல் இல்லை' என்றுதான் போகும்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த நான்கு வரிகளை. என் அகராதியின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். கடலில், பூஜ்யம். கரையில், ஒன்று. தகவல் இல்லை, மூன்று. வேறு கரையில், இரண்டு.

மூன்றுக்குப் பிறகு இரண்டு நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் கண் உறுத்துகிறது. நான் அதைத் தொட மாட்டேன்.